நடுரோட்டுப் பக்கத்து சீட்

மாலை வகுப்பில் அன்று சார் கரும்பலகையில் ஒரு காரை, மேலேயிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வரைந்தார். நான்கு சக்கரங்கள், சுற்றி ஒரு கூடு. உள்ளே ஒன்றுமில்லை.

"காலி வீடு. ரெண்டு பேர் குடிவரப் போறாங்க. ஒருத்தர் டிரைவர், இன்னொருத்தர் என்ஜின். யாருக்கு எந்த ரூம், ஏன் அந்த ரூம்? மாசக் கடைசிக்குள்ள எழுதிட்டு வாங்க."

என் பக்கத்தில் உட்காரும் டயர்க்கடைக்காரர் கை தூக்கினார். "வாடகை யாரு சார் கட்டுறது?"

"பின்னாடி சீட்ல உக்காந்து தூங்குறானே, அவன்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. எனக்கு எதுவுமே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

வகுப்பில் நான் மட்டும்தான் பெண். மற்றவர்கள் ஒர்க்‌ஷாப்பிலும் பஸ் டெப்போவிலும் வேலை பார்த்துவிட்டு, சோப்புக்குப் போகாத கறுப்போடு வருகிறவர்கள். நான் பகலில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் போன் எடுக்கிறேன். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அங்கே இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் என் காதில் மணி அடிக்கும். எந்தக் கட்டடம், எந்த மாடி, உள்ளே எத்தனை பேர், யாருக்காவது மூச்சுத் திணறலா என்று வரிசையாகக் கேட்கவேண்டும். வரிசை மாறக் கூடாது. "முதல்ல கதவத் திறங்கம்மா தாயே" என்று அவர்கள் கத்துவார்கள். நான் "எந்த மாடிங்க?" என்பேன். பழுது பார்க்கிறவர் போய்ச் சேரும்வரை அவர்களோடு ஏதாவது பேசிக்கொண்டிருக்கவேண்டும். கதவு திறந்ததும் இணைப்பு அறுந்துவிடும். நன்றி சொல்ல யாரும் திரும்ப அழைத்ததில்லை. அழைக்கவும் முடியாது, அந்தப் பொத்தான் உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு மட்டும்தான்.

அன்றைக்கு சார் கேட்டதில் பாதியை மாமா ஏற்கெனவே என்னிடம் கேட்டிருந்தார். அதனால்தான் அந்தக் காலிக் கூட்டை நோட்டில் வரைந்துகொண்டபோது என் கை சரியாக வளையவில்லை.

மாமா என் அம்மாவின் அண்ணன். கடைத் தராசுகளைச் சரிபார்த்துத் திருத்துகிறவர். நெடுஞ்சாலையோரச் சிற்றூர்களில் மளிகைக் கடை, காய்கறி மண்டி, பழைய இரும்புக் கடை எல்லாம் அவருடைய வாடிக்கை. கார் டிக்கியில் முத்திரை குத்திய எடைக்கற்கள் பெட்டி பெட்டியாக இருக்கும். கல்லைத் தராசில் வைத்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, "உங்க தராசு ரொம்ப நல்ல மனசுக்காரன் முதலாளி, உங்களுக்கு மட்டும்" என்று சிரித்துக்கொண்டே திருத்திக் கொடுப்பார். கற்களைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. கார் இல்லையென்றால் தொழில் இல்லை.

அந்தக் காரில்தான் கோளாறு. ஊரைவிட்டுப் போன ஒரு வெளிநாட்டு ஆபீஸ் விற்றுவிட்டுப் போன வண்டி அது. ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். எங்கள் சாலைகளிலோ வண்டிகள் இடது ஓரமாகப் போகவேண்டும்; ஓட்டுகிறவர் வலப்பக்கம், நடுரோட்டை ஒட்டி உட்காரவேண்டும். அப்படி உட்கார்ந்தால்தான் முன்னால் லாரி போகும்போது லேசாக விலகி, எதிரே யார் வருகிறார்கள் என்று பார்க்கமுடியும். மாமாவுக்குத் தெரிவதெல்லாம் லாரியின் முதுகும் சாக்கடை ஓரமும்தான். எதிரே பார்க்கவேண்டுமென்றால் முக்கால் வண்டியை வெளியே நீட்டவேண்டும்.

அதற்கு அத்தை இருந்தாள். இருபது வருடத்துக்கு மேல் அந்த வலப்பக்க சீட்டில், ஸ்டீயரிங் இல்லாத டிரைவர் மாதிரி, அவள் உட்கார்ந்துவந்தாள். தலையைக் கண்ணாடிப் பக்கம் சாய்த்துக்கொள்வாள். சாலை காலியானதும் "போங்க" என்பாள். மாமா போவார். வேண்டாம் என்று அவள் சொன்னதே கிடையாது. பேசாமல் இருந்தால் வேண்டாம் என்று அர்த்தம்.

"என் பொண்டாட்டி சொன்னா நான் கண்ண மூடிட்டுப் போவேன்" என்று மாமா யார் வீட்டு விசேஷத்திலும் பெருமையடிப்பார்.

"மூடிட்டுத்தான் போறார். கண்ணு என்கிட்ட இருக்கு" என்பாள் அத்தை, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

போன மழைக்காலத்தில் அத்தை இறந்துபோனாள். காரியங்கள் முடிந்து வாரங்கள் கழித்து மாமா வண்டியை வெளியே எடுத்தார். ஒரு சிமென்ட் லாரிக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாராம். அது நின்றபோது அவரும் நின்றார். டிரைவர் இறங்கிவந்து, "என்ன பெரியவரே, என்னைத்தான் ஃபாலோ பண்றீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அன்றிரவு மாமா எனக்குப் போன் செய்தார்.

"ஏம்மா என்ஜினியர், ஒரு சந்தேகம். ஸ்டீயரிங்கத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க முடியுமா?"

"நான் இன்னும் என்ஜினியர் ஆகல மாமா."

"ஆகும்போது ஆகட்டும். இப்ப முடியுமா முடியாதான்னு கேட்டுச் சொல்லு. முடிஞ்சா நான் பாட்டுக்குத் தனியா ஓட்டிப்பேன். யாரையும் தொந்தரவு பண்ண வேணாம் பாரு."

முடியாவிட்டால் என்ன செய்வார் என்பதை அவர் சொல்லவில்லை. அதை மறுநாள் அவர் மகள் சொன்னாள். கடல் தாண்டிய ஊரிலிருந்து, பின்னால் குழந்தைகள் சண்டைபோடும் சத்தத்தோடு. "நடக்காதுன்னு சொல்லிடுடி. நீ சொன்னா நம்புவார். வண்டிய வித்துட்டு இங்க வந்துடட்டும். தனியா அந்த வீட்ல உக்காந்து என்ன பண்றார்?"

எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. பதில் கண்டுபிடிக்கும்வரை அன்று மட்டும் நான் வந்து உட்காருகிறேன் என்று மாமாவிடம் சொன்னேன். நானாகத்தான் சொன்னேன். அப்போது என் அறையில் ஞாயிற்றுக்கிழமைகள் எப்படி இருந்தன என்றால், கீழ்வீட்டு வாஷிங் மெஷின் சுற்றி முடிந்ததும் விசில் அடிக்கும், அதற்காகக் காத்திருப்பேன்.

முதல் ஞாயிறு வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது என் பக்கத்துக் கண்ணாடியில், நெற்றி உயரத்தில், எண்ணெய்ப் பிசுக்காக ஒரு வட்டம் இருந்தது. அதன் வழியே பார்த்தால் சாலை கலங்கித் தெரிந்தது. நான் கைப்பையிலிருந்து துணியை எடுத்து, வாயால் ஊதி, நன்றாகத் துடைத்தேன். பாதி துடைக்கும்போது உறைத்தது. அதற்குமேல் நிறுத்தினாலும் தப்பு, துடைத்தாலும் தப்பு. மாமா சாவியைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத் தெரியுதா?" என்றார்.

"தெரியுது மாமா."

"அப்ப சரி" என்று வண்டியைக் கிளப்பினார்.

அன்றைக்கு நான் ஒரே ஒருமுறைதான் "போங்க" என்றேன், அதுவும் ஒரு மாட்டுவண்டியைத் தாண்ட. மற்ற நேரமெல்லாம் எனக்குத் தைரியம் வரவில்லை. எதிரே காலியாக இருக்கும். ஆனால் வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது? தூரத்தில் தெரியும் புள்ளி வருகிறதா போகிறதா? நான் யோசித்து முடிப்பதற்குள் அந்தப் புள்ளி பஸ்ஸாகி எங்களைக் கடந்துபோயிருக்கும். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து எங்களைத் தாண்டினார்கள். ஒரு பையன் ஜன்னல் வழியாகக் கையை விரித்துக் காட்டி, நான்தான் டிரைவர் என்று நினைத்து, என்னைத் திட்டிவிட்டுப் போனான்.

"உன்னத்தான் திட்றான், வாங்கிக்கோ" என்று மாமா சிரித்தார். "உங்க அத்தை வாங்காத திட்டா? ஒருத்தன், 'கையில ஸ்டீயரிங்கே இல்லாம ஓட்றா பாரு'ன்னு மிரண்டுபோய் ஓரங்கட்டிட்டான்."

வாரநாட்களில் நான் விடையைத் தேடினேன். ஓட்டுகிறவருக்கு எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று பார்த்து முதலில் அவரை வைத்துவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் என்ஜினை வைத்திருப்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க அப்படியில்லை என்று தெரிந்தது. குளிர்ந்த காற்று முதலில் முகத்தில் படவேண்டும் என்பதற்காக என்ஜின் முன்னால் வருகிறது. திருப்பும் சக்கரங்களின் மேல் கனம் இருந்தால்தான் அவை சாலையைக் கவ்வும் என்பது இன்னொரு காரணம். எதிலாவது மோதினால் மனிதனுக்கு முன்னால் நசுங்குவதற்கு ஏதாவது இருக்கவேண்டும். முன்னால் வந்துவிட்டால் அதற்கு அகலம் தேவை. ஒரு பக்கம் புகை வெளியேறும் குழாய், பழுக்கக் காய்ந்தபடி இறங்கும். மறுபக்கம் குளிர்ந்த பக்கம். ஓட்டுபவரின் கையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஸ்டீயரிங் தண்டு அந்தக் குளிர்ந்த பக்கமாகத்தான் இறங்க முடியும். ஆக, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத்தான் இடம் பிடித்திருக்கிறார்கள். ஒருவர் நகர்ந்தால் மற்றவரும் நகரவேண்டும்.

இரண்டாம் ஞாயிறு மாமா வீட்டு முற்றத்தில் பானெட்டைத் திறந்து, டார்ச்சும் அளவு நாடாவுமாகக் குனிந்தேன். புகைக்குழாய் வலப்பக்கம் இருந்தது. அதாவது மாமா எந்தப் பக்கம் உட்கார ஆசைப்பட்டாரோ அந்தப் பக்கம். வண்டிக்கு அடியில் படுத்தும் பார்த்தேன். மாமா தலைமாட்டில் குந்தியபடி, "என்ன, பிரசவம் பாக்குறியா?" என்று கேட்டார்.

"இன்னும் உறுதியாத் தெரியல மாமா."

அந்த வாரம் வரைபடத்தை சாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இந்த வண்டிய இவங்க வலப்பக்க ஸ்டீயரிங்கோட செஞ்சதே இல்லம்மா. தண்டு இப்படி வரணும்னா புகைக்குழாய அறுக்கணும். அறுத்தா என்ஜின திருப்பணும். திருப்பினா..." என்று பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனார். "பண்ண முடியாதுன்னு சொல்லல. பண்ணி முடிச்சா அது வேற வண்டியா இருக்கும். ஓட விடவும் மாட்டாங்க. யாரோடது இது?"

"தெரிஞ்சவங்களோடது சார்."

டயர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "தெரிஞ்சவங்கள வேற கார் வாங்கச் சொல்லு" என்றார். "அந்தக் காசுக்கு ரெண்டு டயர் என்கிட்ட போட்டுக்கச் சொல்லு."

பதில் அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் அடுத்த ஞாயிறு மாமா, "என்ன சொல்றார் உங்க வாத்தியார்?" என்று கேட்டபோது, "இன்னும் ஒண்ணு பாக்கணும்னார்" என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். இன்னொரு முறை அளந்து பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அளவு நாடா என் மேசையிலேயே கிடந்தது.

சொன்னால் வண்டியை விற்றுவிடுவார். விற்றால் போய்விடுவார். சொல்லாதவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே ஹாரன் கேட்கும். வழியில் அவர் தராசுகளைப் பற்றி, கடைக்காரர்களைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டே வருவார். ஊர் எல்லையில் ஒரு கடையில் டீ குடிப்போம். டீக்கடைக்காரர் முதல்முறை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மா வரலீங்களா?" என்றார். மாமா, "இல்லீங்க" என்றார். அதற்கப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் என் டீயில் சர்க்கரை போடாமல்தான் கொடுத்தார். அது அத்தையின் டீ. நானும் ஒன்றும் சொல்லாமல் குடித்தேன்.

"போங்க" சொல்வதில் நான் தேறியிருந்தேன் என்றுதான் நினைத்தேன். எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். முதலில் தூரம், அப்புறம் வளைவு, அப்புறம் எங்களுக்குப் பின்னால் யாரும் தாண்ட முயல்கிறார்களா, கடைசியாக முன்னால் போகும் வண்டிக்கும் அதற்கு முந்தையதற்கும் நடுவே இடம் இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் மட்டும் சொல்வது. லிஃப்ட் கம்பெனியில் பழகிய பழக்கம்.

அந்த ஞாயிறு இரும்புக் குழாய் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. குழாய்கள் வாலாக நீண்டு, நுனியில் ஒரு சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது. மாமாவுக்கு அன்று ஒரு மண்டியில் மதியத்துக்குள் வேலை, மண்டி மூடிவிடும். அவர் அவசரப்படுத்தவில்லை. ஆனால் விரல்கள் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தன.

சாலை கொஞ்சம் மேடேறி இறங்கும் இடம் அது. பார்த்தேன். காலி. வளைவு இல்லை. பின்னால் பார்த்தேன், யாரும் இல்லை. லாரிக்கு முன்னால் இடம் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஆம்.

"போங்க" என்றேன்.

மாமா போய்விட்டார். என் சொல் முடிவதற்குள் வண்டி வெளியே வந்துவிட்டது. மேட்டின் மேல் ஒரு தண்ணீர் லாரி நின்றது. நிற்கவில்லை, வந்துகொண்டிருந்தது, அவ்வளவு பெரிதாக இருந்ததால் நிற்கிற மாதிரி தெரிந்தது. அது என் பக்கம்தான். அதன் முன்பக்கத்தில் எழுதியிருந்ததைக்கூட என்னால் படிக்க முடிந்தது. மாமாவுக்கு அதுவரை ஒன்றும் தெரிந்திருக்காது. தெரிந்ததும் அவர் பிரேக் போடவில்லை. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தார். தண்ணீர் லாரிக்காரர் தன் ஓரத்து மண்ணில் இறக்கினார். குழாய் லாரி இந்தப் பக்கம் ஒதுங்கியது. ஹாரன் சத்தமும் புழுதியுமாக நடுவே நாங்கள் போனோம். டிக்கியில் எடைக்கற்கள் பெட்டியோடு புரண்டு இடித்த சத்தம் என் முதுகில் கேட்டது.

கொஞ்ச தூரம் போய் ஒரு பூட்டிய கடை வாசலில் மாமா வண்டியை நிறுத்தினார். என்ஜினை அணைத்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் பாத்தப்ப காலியாத்தான் இருந்துச்சு மாமா" என்றேன்.

"இருந்திருக்கும்."

"எல்லாம் பாத்துட்டுத்தான் சொன்னேன்."

"தெரியும்மா. எல்லாத்தையும் பாத்துட்டுச் சொன்னே. நீ சொல்றப்ப அது பழைய ரோடு." அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தராசு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கடைக்காரரிடம் சொல்கிற குரல். "தப்பு உன்மேல இல்ல. நான் பாக்காமப் போறேன். அவ சொல்லிப் போய்ப் போய்ப் பழக்கமாயிடுச்சு. போங்கன்னா கால் தானா அமுக்குது."

நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அதற்குப் பதிலாக வாயில் வேறு வந்தது.

"ஸ்டீயரிங்க மாத்த முடியாது மாமா."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"புகைக்குழாய் அந்தப் பக்கம் இருக்கு. தண்டு வர வழியில்ல. சார் பாத்துட்டார்."

"எப்ப பாத்தார்?"

"முன்னாடியே."

"முன்னாடியேன்னா?"

மாமா இறங்கி, முன்னால் போய், பானெட்டைத் தூக்கினார். "வா, காட்டு."

என்ஜின் சூடாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. இது புகைக்குழாய், இது தண்டு, இந்தப் பக்கம் சூடு, இந்தப் பக்கம் சூடு குறைவு என்று காட்டினேன். அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். உள்ளங்கையைப் புகைக்குழாய்க்கு மேலே தொடாமல் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப இவன் நகர மாட்டான்."

"மாட்டான் மாமா."

"நானும் நகர முடியாது."

"ம்ஹூம்."

"சரி, ரெண்டு பேரும் அவங்கவங்க இடத்துலயே இருந்துக்கறோம்" என்று பானெட்டை மூடினார். "இதச் சொல்லவா இவ்ளோ நாள் யோசிச்சே?"

"வித்துடுவீங்கன்னு நினைச்சேன்."

"யாரு வாங்குவா இத? ரெண்டு பேர் சேர்ந்து ஓட்ற வண்டிய?" என்றவர், சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார்.

மண்டிக்குப் போகவில்லை. வண்டியைத் திருப்பினோம். திரும்பும் வழியில் வைக்கோல் ஏற்றிய ஒரு டிராக்டர் முன்னால் வந்து சேர்ந்தது. மாமா அதன் பின்னால் நிதானமாக ஊர்ந்தார். வைக்கோல் துரும்புகள் பறந்துவந்து கண்ணாடியில் ஒட்டின. என் கண்கள் பழக்கத்தில் சாலையைப் பார்த்தபடியே இருந்தன. சாலை நேராக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆளில்லாமல் கிடந்தது. அளக்க ஒன்றுமில்லை, யோசிக்க ஒன்றுமில்லை. முதன்முறையாக எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"போங்க மாமா" என்றேன்.

அவர் போகவில்லை. "இருக்கட்டும்மா" என்றார். "அவன் போற வேகத்துல போவோம்."

அதற்குமேல் நானும் சொல்லவில்லை. நடுவில் ஒருமுறை மட்டும், "கழுத்து வலிக்கப்போகுது, நேரா உக்காரு" என்றார்.

என் தெருவில் இறக்கிவிட்டபோது, "அடுத்த வாரம் படிக்கிறதப் பாரு, பரீட்சை வருதில்ல" என்றார். எனக்குப் பரீட்சை அப்போதைக்கு இல்லை. அவருக்கு அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது.

வண்டியை அவர் விற்கவில்லை. மகளோடு போய் இருக்கவும் இல்லை. முன்னால் எது போகிறதோ அதன் வேகமே தன் வேகம் என்று வைத்துக்கொண்டார். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார், தூரத்து ஊர்களின் வாடிக்கையை விட்டுவிட்டார், பக்கத்து ஊர்களை மட்டும் வைத்துக்கொண்டார். இதெல்லாம் போனில் தெரிந்தது. "இன்னைக்கு ஒரு ரோடு ரோலர் கெடைச்சான். நல்ல மனுஷன். தூங்கித் தூங்கி ஓட்டினேன்" என்பார். ஒவ்வொரு போனிலும் நான், "ஞாயித்துக்கிழமை வரட்டுமா மாமா?" என்று கேட்க நினைத்து, எப்படிக் கேட்டால் சரியாக இருக்கும் என்று யோசிப்பேன். அதற்குள், "சரிம்மா, வெக்கட்டுமா?" என்பார்.

கட்டுரையை எழுதிக் கொடுத்தேன். யாருக்கு எந்த இடம், ஏன் என்று காரணங்களை வரிசையாக எழுதினேன். சார் நல்ல மதிப்பெண் போட்டு, ஓரத்தில், 'பக்கத்து சீட்டைப் பற்றி இவ்வளவு ஏன்? கேள்வியில் இல்லையே' என்று எழுதியிருந்தார். சரியான கேள்விதான்.

போன வாரம் வேலை முடிந்து வகுப்புக்கு நடந்துகொண்டிருந்தேன். சிக்னல் சிவப்பில் நின்றிருந்தது. குப்பை லாரி ஒன்று, அதன் பின்னால் மாமாவின் கார். அதற்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு பெரிய வரிசை. மற்ற கார்களில் ஓட்டுகிறவரிடம் பேசவேண்டுமென்றால் காலி சீட்டைத் தாண்டிக் குனிந்து கத்தவேண்டும். மாமா நடைபாதையை ஒட்டி உட்கார்ந்திருந்தார். அவர் முழங்கை ஜன்னலில், என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சட்டைக் காலர் திரும்பிக் கிடந்ததைக்கூடப் பார்த்தேன். அவருக்கு அந்தப் பக்கம், நடுரோட்டை ஒட்டிய சீட்டில், எடைக்கல் பெட்டி ஒன்று இருந்தது.

"மாமா!"

"அட, என்ஜினியர்! வகுப்புக்கா?" முகம் மலர்ந்துவிட்டது. "மெலிஞ்சுட்டியே. சாப்பிடறியா இல்லையா?"

"சாப்பிடறேன் மாமா. நீங்க?"

"எனக்கென்ன. இவன் நாத்தம்தான் தாங்கல" என்று குப்பை லாரியைக் காட்டினார். "ஏறிக்கிறியா? உங்க காலேஜ் வழியாத்தான் போறேன்."

ஏறவேண்டுமென்றால் வண்டியைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டுக்குப் போய் அந்தப் பக்கக் கதவைத் திறக்கவேண்டும். மோட்டார் சைக்கிள்கள் இடைவெளியில் நுழைந்து முன்னால் வந்துகொண்டிருந்தன. வலப்புறம் பார்த்தேன், சிக்னலைப் பார்த்தேன், மறுபடியும் வலப்புறம் பார்த்தேன். மாமா பெட்டியைத் தூக்கிப் பின் சீட்டில் வைக்க ஒரு கையை நீட்டினார்.

பச்சை விழுந்தது. குப்பை லாரி நகர்ந்தது. பின்னாலிருந்து எல்லோரும் ஒரேயடியாக ஹாரன் அடித்தார்கள்.

"நீங்க போங்க மாமா" என்றேன்.

அவர் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே போனார்.